பத்தாவது கேஸ்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய், பிசாசு, காத்து, கருப்பு எதிலும் நம்பிக்கை கிடையாது, அன்றும் இல்லை, இன்றும் இல்லை. படாளத்தில் எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று தலைமுடியைப் பிடித்து வேப்பிலையால் விளாசிக்கொண்டிருந்தார்கள். அப்போது நான் ப்ளஸ் டூ. கூட்டத்துக்குள் புகுந்து அந்த ஆளின் கையைத் தட்டிவிட்டேன். அதற்காக அப்பாவிடம் வாங்கிய அறை தனிக்கதை. சைக்காலஜி படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது என் சித்தப்பா, "பைத்தியத்துக்குப் படிக்கப் போறியா அமுதா? உன்னப் பாத்தாலே அவுங்கல்லாம் தெளிஞ்சி ஓடிப் பூடுவாங்க" என்றார். அவரோடு ஒரு வருஷம் பேசவில்லை. அப்படிப்பட்டவள் நான்.

அதனால் இப்போது நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது. இதையே வேறு யாராவது என் முன்னால் உட்கார்ந்து சொல்லியிருந்தால், நீங்கள் சரியாகத் தூங்கி எத்தனை நாள் ஆகிறது என்றுதான் நானும் கேட்டிருப்பேன்.

ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. கிளினிக்கல் சைக்காலஜி படித்தேன். இரண்டாம் வருஷத்தில் புதன்கிழமை தோறும் எங்களை நெம்மேலிக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், கடலோரச் சாலையை ஒட்டி இருந்த ஒரு மனநல இல்லத்துக்கு அனுப்புவார்கள். பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள் நடத்துகிற இடம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பின்னால் சவுக்குத் தோப்பு, அதற்குப் பின்னால் கடல். அங்கே வருகிற நோயாளிகளோடும் வீட்டு மனிதர்களோடும் பேசி, வருஷ முடிவுக்குள் பத்து கேஸ் ஹிஸ்டரி எழுதி ரெக்கார்டில் கட்டிக் கொடுக்க வேண்டும். பத்து இல்லாவிட்டால் வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு உட்கார முடியாது. ரெக்கார்டு ஆங்கிலத்தில்தான், ஆனால் நோயாளியின் பிரச்சினை என்ன என்கிற பகுதியை மட்டும் அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும். எங்கள் சூப்பர்வைசர் ஷீலா மேடம் இதில் பெரிய கண்டிப்பு. "உங்க புத்திசாலித்தனத்த அங்க காட்டாதீங்க. அவங்க வாயில என்ன வந்துச்சோ அதுதான் வேணும்" என்பார்.

என்னிடம் ஒன்பதுதான் இருந்தது. ஒரு புதன்கிழமை மதுராந்தகத்தில் மாமா பேரனுக்குக் காதுகுத்து என்று போய்விட்டேன். சமர்ப்பிக்க இரண்டு நாள் இருக்கும்போதுதான் ஒன்று குறைகிறது என்றே உறைத்தது. ஹாஸ்டலில் என் அறைத்தோழி ஷர்மிளா, கல்பாக்கம் குவார்ட்டர்ஸ் பெண், கட்டிலில் படுத்தபடியே வழி சொன்னாள்.

"ஒண்ணு நீயே கட்டிக்கடீ. எல்லாரும் பண்றதுதான். நம்ம சீனியர்ஸ் எழுதுன கேஸ்ல பாதி பேரு பூமியிலயே பொறக்கல."

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து இரண்டு மணி நேரத்தில் எழுதி முடித்தேன். ஒரு ஆளைச் செய்தேன். கு. என்று முதலெழுத்து மட்டும், வயது நாற்பத்தொன்று, நெம்மேலி, சிறுசேரி கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்குகிற வேன் டிரைவர். கல்யாணம் ஆகி ஒன்பது வருஷம், இரண்டு பெண்கள், மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயது. மனைவி மேல் சந்தேக நோய். வெறும் சந்தேகம் என்றால் மேடம் மதிக்க மாட்டார் என்று யோசித்தேன், பேனாவில் தானாக வந்து விழுந்தது அந்தக் காது விஷயம். மனைவியின் இடது காதுக்குள் இன்னொரு ஆண் இருந்துகொண்டு பேசுகிறான் என்று கு. நம்புகிறான். அவள் தூங்கும்போது அவள் காதின் மேல் தன் காதை ஒட்டி வைத்துக்கொண்டு கேட்கிறான். எனக்கே புல்லரித்தது. நமக்கு இவ்வளவு வருமா என்று பெருமையாகக்கூட இருந்தது.

விவரம் சொல்பவர் யார் என்ற இடத்தில் 'மனைவி' என்று எழுதினேன். பெயர் கேட்கிற கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை, அதனால் யோசிக்கவும் இல்லை. இரண்டு அமர்வு எழுதினேன். முதல் அமர்வில் மனைவி பேசுவது, இரண்டாவதில் மனைவி பக்கத்தில் இருக்க கு. பேசுவது. மூன்றாவதை எழுதச் சோம்பலாக இருந்தது. 'மூன்றாவது அமர்வுக்கு முன் கு., மஞ்சள் துண்டில் சுற்றி வைத்திருந்த வீல் ஸ்பேனரால் மனைவியின் தலையில் இடது பக்கம் அடித்தார், காது சிதைந்தது' என்று முடித்துவிட்டேன். அதை எழுதும்போது முறுக்கு தின்றுகொண்டிருந்தேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலானவர்கள் யார் மேலும் கை வைப்பதில்லை, அடி வாங்குகிறவர்கள்தான் அதிகம். முதல் வருஷம் முதல் வகுப்பில் சொல்லித்தருவது இது. எனக்கும் தெரியும். தெரிந்தே, கேஸ் கனமாகத் தெரிய வேண்டும் என்று ரத்தம் சேர்த்தேன். ஷீலா மேடம் சிவப்பு மையில் 'மிக நன்று' என்று எழுதிக் கொடுத்தார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை, காலை பத்து பத்தரை இருக்கும், புது ஓ.பி. கேஸ் ஒன்றை என் அறைக்கு அனுப்பினார்கள். கணவன், மனைவி. அவர் காக்கிச் சட்டை, ஒல்லி, கையை மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி அடக்கமாக உட்கார்ந்தார். அவள் பச்சைப் புடவை, முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கலாம். வழக்கம்போல, என்ன பிரச்சினை என்று கேட்டேன்.

"ஆறு மாசமா என் காதுல எவனோ பேசிகினு கீறான்னு சொல்றாரு மேடம். நான் தூங்கசொல்ல என் காது மேல அவரு காத வச்சிகினு கேக்கறாரு."

நான் எழுதிய வார்த்தை. ஒரு எழுத்து மாறவில்லை.

எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, ஆத்திரம். ஷர்மிளா வேலை என்று நினைத்தேன். யாரையோ பிடித்து, சொல்லிக்கொடுத்து, எங்கேயோ போனை மறைத்து வைத்து வீடியோ எடுக்கிறாள் என்று நினைத்தேன். "ஒரு நிமிஷம்" என்று எழுந்து பக்கத்து அறைக்குப் போனேன். ஷர்மிளா அங்கே அழுதுகொண்டிருந்த ஒரு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து, என்னடீ என்று புருவத்தைத் தூக்கினாள். அந்த முகத்தில் எந்தத் திருட்டும் இல்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். அவர் பெயர் கேட்டேன். குணசேகரன். வயசு? நாற்பத்தொன்று. வேலை? சிறுசேரிக்கு வேன் ஓட்டுகிறார். கல்யாணம் ஆகி எவ்வளவு காலம் என்று கேட்டேன்.

"ஒம்போது வருசம் மேடம். ரெண்டு பொண்ணு. பெரியவளுக்குப் பன்னெண்டு வயசு."

அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஒன்பது வருஷக் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு வயதுப் பெண். அவசரத்தில் நான் செய்த கணக்குப் பிழை அது, நானும் கவனிக்கவில்லை, மேடமும் கவனிக்கவில்லை. எல்லாம் தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம், வேன் டிரைவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், சந்தேக நோயும் புதிதில்லை. என்னுடைய தப்பு எப்படி அவர்களிடம் இருக்கும்?

"அது எப்படி? இவருக்கு முன்னாடியே உங்களுக்குக் கல்யாணம் ஆச்சா?"

"இல்ல மேடம்."

"பொண்ணு உங்க பொண்ணுதானே?"

"ஆமா மேடம்."

அவளுக்கு அது விசித்திரமாகவே தெரியவில்லை. நான் எழுதாத ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. பெரிய பெண் எந்தப் பள்ளிக்கூடம் என்றேன். அவள் வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. இன்று காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்றேன். கணவனைத் திரும்பிப் பார்த்தாள், அவர் சுவரைப் பார்த்தார்.

"தெர்ல மேடம்."

"சரி, உங்க பேரு என்ன?"

"இவரு சம்சாரம் மேடம்."

"அது தெரியுது. பேரு?"

அவள் சிரித்தாள். பாடம் படிக்காமல் வந்த பிள்ளை டீச்சரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது.

அங்கேயே, அந்த நிமிஷமே, ஓடிப்போய் ஷீலா மேடத்திடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வைவாவுக்குப் பத்து நாள் இருந்தது. பொய் கேஸ் எழுதினேன் என்று தெரிந்தால் வருஷம் போய்விடும். அப்பா ஊர் பூராவும் சொல்லி வைத்திருந்தார். அடுத்த புதன் வாருங்கள் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன். வாசல் வரைக்கும் போனவள் திரும்பி வந்தாள், அவர் வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"அடிச்சிடுவாரா மேடம்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, தைரியமா போங்க" என்றேன்.

இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. என்ன ஆகும் என்று இந்த உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். நான்தான் அப்படிச் சொன்னேன்.

அந்த ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. படித்த காரணம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எனக்கே சொல்லிக்கொண்டேன். எப்போதோ இவர்களைப் பற்றி அங்கே யாரோ பேசிக் கேட்டிருப்பேன், மறந்துபோய் என் சொந்தக் கற்பனை என்று எழுதியிருப்பேன், இப்படி நடப்பதுண்டு, பாடத்திலேயே இருக்கிறது. ஐந்து நிமிஷம் மனது ஆறும், ஆறாவது நிமிஷம் அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண் ஞாபகம் வரும். செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் ஒரு பெண் காதில் கம்மலைத் திருகிக்கொண்டிருந்தாள், பார்த்துவிட்டு இறங்கி வாந்தி எடுத்தேன். வருஷம் போனால் போகட்டும் என்று அங்கேதான் முடிவு செய்தேன்.

புதன்கிழமை இல்லத்தின் கேட்டிலேயே ஷீலா மேடத்தை நிறுத்தி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பொய் கேஸை, காதை, ஸ்பேனரை, எல்லாவற்றையும். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் வெளுத்ததே தவிரத் திட்டவில்லை.

"உன் கதைய அப்புறம் பாத்துக்கறேன். முதல்ல அந்தப் பொண்ணு பத்திரமா இருக்கணும். பதினோரு மணிக்கு டாக்டர் வந்துடுவாரு, அந்த ஆள அட்மிட் பண்ணிடலாம். பொண்ண உள்ள லேடீஸ் பக்கம் அனுப்பிடு. அதுவரைக்கும் அவர்கிட்டப் பேசிக்கிட்டிரு, கதவ சாத்தாத" என்றார்.

அவர்கள் பத்தரைக்கு வந்தார்கள், அதே காக்கிச் சட்டை, அதே பச்சைப் புடவை. அவளை உள்ளே போகச் சொன்னேன். அவள் அசையவில்லை. "நான் பக்கத்துல இருக்கணும் மேடம்" என்றாள். எத்தனை தடவை சொல்லியும் அதையே சொன்னாள். இரண்டாவது அமர்வில் மனைவி பக்கத்தில் இருந்தார் என்று நான்தானே எழுதினேன். மேடம் வந்து கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், அவள் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சரி, டாக்டர் வந்துவிடட்டும் என்று மேடம் அவருக்குப் போன் போடப் போனார்.

குணசேகரன் நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார், மரியாதையாக, ஒவ்வொரு வாக்கியமும் என் ரெக்கார்டில் உள்ளபடி. குரலில் கோபமே இல்லை. நான் துணிந்து கேட்டேன்.

"அண்ணா, வீல் ஸ்பேனர் எங்க வச்சிருக்கீங்க?"

"வண்டில கீது மேடம். மஞ்சத் துண்டுல சுத்தி சீட்டாண்ட வச்சிகீறேன்."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. அதை அவர் கைக்கு எட்டாமல் செய்துவிட்டால் போதும், நான் எழுதியது நடக்க முடியாது. வாசலில் அட்டெண்டர் கண்ணன் அண்ணா நின்றிருந்தார். எழுந்து போய் அவர் காதில், "அண்ணா, அந்த வேன்ல மஞ்சத் துண்டுல ஒரு ஸ்பேனர் இருக்கு, சீக்கிரம் எடுத்துட்டு வாங்க" என்றேன். ஆபீசில் வைத்துப் பூட்டுங்கள் என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும். பதற்றத்தில் அது வாயில் வரவில்லை.

இரண்டு நிமிஷத்தில் கண்ணன் அண்ணா துண்டோடு நேராக அறைக்குள்ளேயே வந்துவிட்டார்.

"இதுவாம்மா பாரு. உள்ள ரெண்டு மூணு கெடக்குது" என்று என் மேஜை மேல் வைத்தார்.

இப்போது நினைத்தால், நான் ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் அது அந்த அறைக்குள்ளேயே வந்திருக்காது.

குணசேகரன் எழுந்தார். அவசரமே இல்லை. துண்டைப் பிரித்தார், மடித்து நாற்காலியின் முதுகில் போட்டார், ஸ்பேனரை எடுத்தார், அடித்தார். அவ்வளவுதான், நான் கத்த வாயைத் திறக்கிற நேரம். இரும்பு எலும்பில் படுகிற சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது, தேங்காய் உடைக்கிற சத்தம்தான். அவள் நாற்காலியோடு சாய்ந்தாள். இடது பக்கம் கம்மல் தெறித்து என் மேஜைக்குக் கீழே ஓடியது. காது இருந்த இடத்தில் சதை தொங்கியது, ரத்தம் கழுத்து வழியாகப் பச்சைப் புடவையில் இறங்கியது. அவள் கத்தவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணன் அண்ணா பின்னாலிருந்து அவரைக் கட்டிப் பிடித்தார். அந்த ஒல்லி ஆள் முழங்கையால் ஒரே இடி, கண்ணன் அண்ணா மூக்கு உடைந்து சுவரில் போய் விழுந்தார். ஷீலா மேடம் ஓடி வந்தார், குணசேகரன் தள்ளியதில் மேஜை முனையில் நெற்றி மோதி உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் கத்துகிறோம். பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ ஓலமிடுகிறார்கள். குணசேகரன் மட்டும் அமைதியாகத் தரையில் மண்டியிட்டார். ஸ்பேனரைப் பக்கத்தில் வைத்தார். குனிந்து, சிதைந்த அந்தக் காதின் மேல் தன் காதை ஒட்டி வைத்துக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவர் கன்னமெல்லாம் அவள் ரத்தம்.

"இன்னும் பேசிகினுதான் கீறான்" என்றார். மறுபடி ஸ்பேனரை எடுத்தார்.

இது என் ரெக்கார்டில் இல்லை. நான் ஒரு அடிதான் எழுதினேன். இனி என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியாது என்பது அந்த நொடியில் புரிந்தது. குறுக்கே பாய்ந்து கையை நீட்டினேன். அடி என் இடது கையில் விழுந்தது, இரண்டு விரல் ஒடிந்தது, வலி அப்போது தெரியவில்லை. அடித்த வேகத்தில் ரத்த ஈரத்துக்கு ஸ்பேனர் அவர் கையிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தது. வலது கையால் நான் அதை எடுத்துவிட்டேன்.

அவர் முகத்தில் அடித்தேன். தாடை நகர்ந்தது கண்ணுக்குத் தெரிந்தது. பல் விழுந்தது. அவர் மல்லாந்து விழுந்த பிறகும் அடித்தேன், தோளில், நெஞ்சில், மறுபடி வாயில். எத்தனை என்று தெரியாது. தற்காப்பு என்று அப்புறம் போலீஸில் எழுதினார்கள், முதல் அடி தற்காப்பு, மற்றதெல்லாம் இல்லை. நான் எழுதியதை நான் அழிக்கிறேன் என்பது போல ஒரு வெறி இருந்தது, அதில் சந்தோஷமும் இருந்தது, பொய் சொல்ல விரும்பவில்லை. ஷர்மிளா பின்னாலிருந்து என் இடுப்பைப் பிடித்து, "விடுடீ, செத்துடப் போறான், விடு" என்று கதறிக்கொண்டே இழுத்த பிறகுதான் நின்றேன். மணி பதினொன்று ஆகவில்லை. வெளியே நல்ல வெயில்.

அவர் சாகவில்லை. தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். வழக்கு நடந்து, இப்போது பூட்டிய வார்டு ஒன்றில் இருக்கிறார். கம்பியை எடுத்த பிறகும் ஒரு வார்த்தை பேசவில்லையாம். அவளுக்கு இடது காது போனதோடு அந்தப் பக்கம் கேட்கவும் இல்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் 'குணசேகரன் மனைவி' என்றே பதிந்திருந்தார்கள், நம் ஊரில் அது ஒன்றும் அதிசயம் இல்லை. விசாரணைக்கு வந்த பெண் எஸ்.ஐ. என்னிடம் எரிந்து விழுந்தார்.

"இன்னாம்மா குடும்பம் அது? நெம்மேலில வூட்டு ஓனரு சொல்றாரு, குடி வந்து மூணு வாரம்தான் ஆவுதாம். ரெண்டு பொண்ணு கீதுன்னு அந்தம்மா சொல்லுது, ஒரு கொயந்தையையும் யாரும் பாத்ததே இல்லையாம். எந்த ஸ்கூல்லயும் பேரு இல்ல. கேட்டா சிரிக்குது."

மூன்று வாரம். நான் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன். எழுதிய நாளிலிருந்து சரியாக அவ்வளவுதான் ஆகியிருந்தது.

ஷீலா மேடத்துக்கு விளக்கம் இருந்தது. நெற்றியில் தையலோடு உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். "நீ அன்னைக்குக் காதுகுத்துக்குப் போயிருந்தே, அதான் காது வந்துச்சு. மீதி எல்லாம் எந்தக் கேஸ்லயும் வர்றதுதான். அந்தப் பொண்ணு அடி வாங்கி வாங்கி மனசு மரத்துப் போனவ, பேரு கேட்டாகூட வராது. நீ குற்ற உணர்ச்சியில எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு முடிச்சுப் போட்டுக்கறே." அவர் சொன்னது முழுக்க நியாயம். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் என் ரெக்கார்டைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் அந்தப் பத்தாவது கேஸின் பக்கங்களைத் தொடாமல், கட்டின் முனையைப் பிடித்துக் கொடுத்தார். ஒரு வருஷம் திரும்பப் படித்தேன். அப்பா இரண்டு மாதம் பேசவில்லை, அது பரவாயில்லை.

இப்போது செங்கல்பட்டில் ஒரு மருந்துக்கடை மாடியில் சின்னதாக கிளினிக் வைத்திருக்கிறேன். போர்டு மாட்டிய முதல் மாதமே அவள் வந்துவிட்டாள். யார் சொன்னார்கள், எப்படி வந்தாள், தெரியாது. காது போன இடது பக்கம் தலையை முந்தானையால் மூடிக்கொண்டு, கேட்கிற காது என் பக்கம் இருக்கும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்புறம் நான் இன்னா பண்றது மேடம்?" என்றாள்.

எல்லோரும் கேட்கிற கேள்விதான் இது. நாங்கள் படித்த பதிலும் உண்டு. உங்களுக்கு என்ன வேண்டும், உங்கள் மனது என்ன சொல்கிறது என்று திருப்பிக் கேட்க வேண்டும். கேட்டேன். "நீங்க சொல்லுங்க மேடம்" என்றாள். வேலைக்குப் போகிறீர்களா என்றேன், போகட்டுமா என்றாள். எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்றேன், சிரித்தாள். அடுத்த மாதம் வாருங்கள் என்று அனுப்பிவைத்தேன். சரியாக வந்தாள். அடி வாங்கிய பெண்கள் பலர் இப்படித்தான், சொந்தமாக ஒரு முடிவு எடுக்கிற தெம்பே இருக்காது, இதற்கும் புத்தகத்தில் பெயர் இருக்கிறது. நான் அந்தப் பெயரைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

போன பொங்கலுக்கு முதல் நாள் மத்தியானம் வந்தாள். எனக்கு ஊருக்குப் போக அவசரம், கடைசி நேரத்தில் வேறு ஒருவருக்கு ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தேன். "வெளிய பெஞ்சுல கொஞ்சம் உக்காருங்க, கூப்பிடறேன்" என்றேன். எழுதி முடித்தேன், போன் வந்தது, பேசிக்கொண்டே பின்பக்கப் படி வழியாக இறங்கிப் போய்விட்டேன். சத்தியமாக மறந்துபோனேன். கீழே கடைக்காரர் மாடிப்படி கிரில்லைப் பூட்டிக்கொண்டு அவரும் ஊருக்குப் போய்விட்டார்.

நான்காவது நாள் காலையில் வந்து திறந்தேன். படியேறும்போதே மூத்திர நாற்றம். அவள் அதே பெஞ்சில், முழங்கால் மேல் கை வைத்து, முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது, கால் இரண்டும் வீங்கி மெட்டி சதைக்குள் புதைந்திருந்தது. ஜன்னல் அவள் பக்கத்திலேயே திறந்து கிடந்தது, கீழே தெரு பூராவும் மூன்று நாள் ஜனங்கள் போய்வந்திருப்பார்கள், ஒரு சத்தம் கொடுத்திருந்தால் யாராவது வந்திருப்பார்கள். பக்கத்துத் தண்ணீர்க் கேனைத் தொட்டிருக்கவில்லை.

நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஏன் இப்படி, ஏன் கூப்பிடவில்லை, ஏன் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று கத்தினேன். அவளுக்கு என் அழுகை புரியவில்லை.

"நீங்கதான மேடம் உக்காரச் சொன்னீங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "தண்ணி குடிக்கட்டுமா?" என்றாள்.

குடி என்றேன். குடித்தாள். போதும் என்று நான் சொல்லும்வரை குடித்துக்கொண்டே இருந்தாள்.